லிங்க் எங்கே திறக்கிறது? பழைய லினக்ஸ் நெட்புக் ஒன்றில் டிஃபால்ட் பிரவுசரை மாற்றிய நிகழ்வு

## பின்னணி

பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறை வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு சிறிய அறை உண்டு. பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் மாலையில் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் வாங்குவதில்லை. பெற்றோர் பலரும் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் டெலிமா என்ற மலேசியப் பள்ளிகளின் இணையக் கற்றல் தளத்தில் நுழைந்து பயிற்சி செய்ய அந்த அறையில் இருக்கும் ஒரே கணினி ஆசிரியையின் நெட்புக்தான்.

அவருடைய மகன் காலேஜ் படித்த காலத்தில் வாங்கியது அது. 2010 வாக்கில் மலேசியாவில் நெட்புக் தெரியாத வீடு குறைவு. தேசிய பிராட்பேண்ட் திட்டத்தின் கீழ் வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கமே 1மலேசியா நெட்புக் கொடுத்தது. இதுவும் அந்தத் தலைமுறைப் பொருள்தான்: 10.1 அங்குலத் திரை, அகலம் 1024 புள்ளி, உயரம் 600 புள்ளி மட்டுமே. இன்டெல் ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ரேம். 2008இல் வந்த அந்த சிப் 32-பிட் வகை. 64-பிட் நிரல் எதுவும் அதில் ஓடாது. பின்னால் வரும் முடிவுகள் பலவற்றை இந்த ஒரு விவரமே தீர்மானித்தது.

ஆசிரியையின் தங்கை மகன் அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் போட்டுக் கொடுத்திருந்தார். அவர் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறார். கணினி மெதுவாக இருக்கிறதே என்று, டில்லோ என்ற மிக இலகுவான பிரவுசரின் 3.1 பதிப்பைத் மூல நிரலிலிருந்து தானே தொகுத்து நிறுவி, அதையே எல்லாவற்றுக்கும் டிஃபால்ட் (லிங்க்கை அழுத்தினால் தானாகத் திறக்கும் பிரவுசர்) ஆக்கிவிட்டுப் போனார். டெபியனோடு வந்த ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) ஒரு மூலையில் ஐகானாக இருந்தது. மின்னஞ்சலுக்குக் கிளாவ்ஸ் மெயில்.

நான் அதே குடியிருப்பில் இருப்பவன். கணினிப் பராமரிப்பு என் தொழில். 2025 அக்டோபரில் ஆசிரியை என்னிடம் பேசிய பிறகுதான் இந்த நெட்புக் என் கைக்கு வந்தது.

## என்ன சொன்னார், என்ன தெரிந்தது

பாடப் பயிற்சித் தாள்கள் கிடைக்கும் ஒரு தளத்தில் அவருக்குக் கணக்கு உண்டு. கடவுச்சொல் மறந்துபோனதால் புதிதாக அமைக்கக் கேட்டிருக்கிறார். மின்னஞ்சலில் லிங்க் வந்தது. அழுத்தினார், வெறும் பக்கம். அதே லிங்க்கைப் பிரதியெடுத்து ஃபயர்பாக்ஸில் ஒட்டினார். 'இந்த லிங்க் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்று வந்தது. மறுபடி கேட்டார், மறுபடி அதே கதை. பல நாள் இப்படியே போயிருக்கிறது.

"தம்பி, நான் அழுத்துறதே ஒரு தடவைதான். அப்புறம் எப்படி ஏற்கெனவே பயன்படுத்தியாச்சுன்னு அது சொல்லும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தளத்தில்தான் கோளாறு என்று அவர் நினைத்ததிலும் தவறில்லை.

அவரையே உட்கார வைத்து, வழக்கம்போல் செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிளாவ்ஸ் மெயிலில் வேறொரு லிங்க்கை அழுத்தினார். கண் இமைப்பதற்குள் ஒரு ஜன்னல் திறந்தது. அந்த வேகமே எனக்குச் சந்தேகம் தந்தது; இந்தக் கணினியில் ஃபயர்பாக்ஸ் அத்தனை விரைவாகத் திறக்க வழியே இல்லை. அடுத்து எழுத்தைப் பார்த்தேன். 'கேள்வி' என்ற சொல்லில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நின்றது. 'பெற்றோர்', 'தேர்வு', 'கையேடு' எல்லாமே அப்படித்தான் உடைந்து கிடந்தன. டில்லோ பயன்படுத்தும் எஃப்எல்டிகே என்ற வரைகலை நூலகம் ஒவ்வொரு குறியையும் சேமித்த வரிசையிலேயே வரைகிறது. தமிழில் 'ெ', 'ே', 'ை' ஆகியவை கணினிக்குள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, காட்டும்போது முன்னால் நகர வேண்டியவை. அந்த நகர்த்தலை அது செய்வதில்லை.

ஆசிரியையும் இதைப் பார்த்திருக்கிறார். ஃபாண்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து அதோடு விட்டுவிட்டார். இரண்டு வேறு பிரவுசர்கள் மாறி மாறித் திறக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. இரண்டுமே அவருக்கு 'இன்டர்நெட்'தான்.

கடவுச்சொல் லிங்க் ஏன் வீணானது என்பதும் இதிலிருந்து விளங்கியது. அந்த லிங்க் ஒரே முறை செல்லுபடியாகும். டில்லோ அதைத் திறந்த கணமே தளம் 'பயன்படுத்தியாயிற்று' என்று குறித்துக்கொள்கிறது. பிறகு ஒரு குக்கியை (வந்தவரை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) கொடுத்து, புதிய கடவுச்சொல் எழுதும் பக்கத்துக்கு அனுப்புகிறது. டில்லோவின் தொடக்க அமைப்பு எந்தக் குக்கியையும் ஏற்காது. பக்கத்துக்குள் நிரல் ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அதில் கிடையாது. ஆகவே அடுத்த பக்கம் வெறுமையாக நின்றது. பிறகு ஃபயர்பாக்ஸில் ஒட்டியபோது லிங்க் செத்துப்போயிருந்தது. லிங்க்கைத் திறந்த உடனே அதைச் செலவழிக்காமல், பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்திய பிறகே செலவழிக்கும் தளங்களும் உண்டு. மின்னஞ்சல் வடிகட்டிகள் சில லிங்க்கை முன்கூட்டியே திறந்து சோதிப்பதால் அப்படி அமைப்பதே பாதுகாப்பு. இந்தத் தளம் அப்படி அமைக்கப்படவில்லை.

டில்லோவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1999இலிருந்து வரும் நேர்மையான நிரல் அது. ஆங்கிலக் கையேடுகளைப் படிக்க, குறைந்த ரேமில் எளிய பக்கங்களைப் பார்க்க நன்றாக உதவும். உள்நுழைந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில், அதுவும் தமிழ் படிக்கும் ஒரு வகுப்பில், அதை டிஃபால்ட்டாக வைக்கக் கூடாது.

## எந்த பிரவுசர்

மாற்ற வேண்டும் என்பது தெளிவு. எதற்கு மாற்றுவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகள் பள்ளியில் பார்ப்பது கூகுள் குரோம். அதையே போடுங்கள் என்று ஒரு பெற்றோர் கேட்டார். 32-பிட் லினக்ஸுக்குக் குரோம் தருவதைக் கூகுள் 2016 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. டெபியன் 12 தன் களஞ்சியத்தில், குரோமின் திறந்த மூல வடிவமான குரோமியத்தை 32-பிட்டில் வைத்திருக்கிறது. அதை நிறுவிப் பார்த்தோம். ஓடியது. ஆனால் டெலிமாவில் நுழைந்து கூகுள் கிளாஸ்ரூமைத் திறந்ததும் ரேம் நிரம்பி, மவுஸ் குறி அசைவதற்கே காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஃபயர்பாக்ஸும் இந்தக் கணினிக்குச் சுமைதான். இருந்தும் அதையே எடுத்தோம். ஆசிரியையின் கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் ஏற்கெனவே அதில் இருந்தன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி அதில் முழுமையாக வேலை செய்கிறது. 1 ஜிபி ரேம் உள்ள கணினியில் விளம்பரங்களைத் தடுப்பதே ரேம் சேர்த்ததற்குச் சமம். குரோம் வகைப் பிரவுசர்களின் புதிய நீட்சி விதிகளால் அந்த வசதி அங்கே சுருங்கிவிட்டது.

ஃபயர்பாக்ஸை எடுப்பதிலும் ஒரு கெடு இருக்கிறது. 32-பிட் லினக்ஸுக்கு ஆதரவை நிறுத்துவதாக அதை உருவாக்கும் மொஸில்லா 2025 செப்டம்பரில் அறிவித்தது. வழக்கமான ஃபயர்பாக்ஸில் 144தான் கடைசி 32-பிட் பதிப்பு. இஎஸ்ஆர் 140க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இலோ 32-பிட் கணினிக்கு நிறுவியே கிடையாது. ஆகவே இப்போது செய்யும் மாற்றம் கடைசி மாற்றம் அல்ல. ஓராண்டுக்குள் இன்னொன்று வரும். ஒவ்வொரு இடத்திலும் 'ஃபயர்பாக்ஸ்' என்று எழுதி வைக்காமல், எல்லா இடங்களும் ஒரே இடத்தைக் கேட்கும்படி அமைக்க வேண்டும் என்று முடிவு செய்தது இதனால்தான்.

## மாற்றிய விதம்

முதலில் ஃபயர்பாக்ஸின் அமைப்புகளுக்குப் போய் 'டிஃபால்ட் ஆக்கு' என்ற பொத்தானை அழுத்தினோம். 'ஃபயர்பாக்ஸ்தான் இப்போது உங்கள் டிஃபால்ட் பிரவுசர்' என்று அது சொன்னது.  பிடிஎஃப் கோப்பு ஒன்றில் இருந்த லிங்க்கை அழுத்தினோம்; ஃபயர்பாக்ஸ் திறந்தது. மின்னஞ்சல் லிங்க்கை அழுத்தினோம். டில்லோ.

பலரும் கைவிடும் கட்டம் இது. ஃபயர்பாக்ஸ் பொய் சொல்லவில்லை. அது மாற்றியது பயனரின் கான்ஃபிக் கோப்புறையில் இருக்கும் மைம்ஆப்ஸ் பட்டியலை. எந்த வகைக் கோப்பை, எந்த வகை முகவரியை எந்த நிரல் திறக்க வேண்டும் என்று வைத்திருக்கும் பதிவேடு அது. அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் நிரல்கள் எல்லாம் மாறிவிட்டன. பார்க்காத நிரல்கள் அப்படியே இருந்தன.

இந்த நேரத்தில் டில்லோவை நீக்கிவிடலாமே என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன். நீக்கினால், அதைக் கூப்பிடும் நிரல்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும்; லிங்க்கை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது, எங்கே கோளாறு என்றும் தெரியாது. இருக்கட்டும். டில்லோ எங்கே திறக்கிறதோ அங்கே இன்னும் மாற்ற வேண்டியது பாக்கி என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கணினியில் கிளாவ்ஸ் மெயில் அந்தப் பதிவேட்டைக் கேட்கவில்லை. அதன் விருப்ப அமைப்புகளில் 'வெளி நிரல்கள்' என்ற பகுதியில் வெப் பிரவுசருக்கு ஒரு வரி உண்டு. அதில் 'டில்லோ' என்று நேரடியாக எழுதியிருந்தது. ஆசிரியையிடம் காட்டினேன். "இதை நான் ஏற்கெனவே மாத்தினேனே தம்பி!" என்றார். மாற்றியது உண்மை. ஆனால் அந்த ஜன்னல் 600 புள்ளி உயரத் திரையில் அடங்கவில்லை. கீழே இருக்கும் 'சரி' பொத்தான் திரையின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்தது. பொத்தானைக் காணாமல் மேல் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடியிருக்கிறார், மாற்றம் சேமிக்கப்படவில்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலின் நடுவில் பிடித்து மேலே இழுத்தால், தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போய் அடிப்பகுதி தெரியும். இழுத்துக் காட்டினேன். 'சரி' பொத்தான் எட்டிப் பார்த்தது. நெட்புக் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வரியில் ஃபயர்பாக்ஸ் என்று எழுதாமல் 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' என்ற கட்டளையை எழுதினோம். அது எந்த பிரவுசரையும் தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மேசைத்தளத்தின் பொது அமைப்பைக் கேட்டு நடக்கும்.

மூன்றாவது இடம் எக்ஸ்எஃப்சிஇ-யின் சொந்த அமைப்பு. கீழ்ப்பட்டையில் இருந்த உலக உருண்டை ஐகான் இதைத்தான் கேட்கிறது. 'டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்' ஜன்னலில் வெப் பிரவுசர் என்ற இடத்தில் ஃபயர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே 'சரி' பொத்தான் தேவையில்லை, தேர்ந்தெடுத்த உடனே பதிவாகிவிடும். எக்ஸ்டிஜி-ஓப்பன் இந்த மேசைத்தளத்தில் தன் வேலையை எக்ஸ்எஃப்சிஇ-யின் திறப்பானிடமே ஒப்படைக்கிறது என்பதால், இந்த அமைப்பும் மைம்ஆப்ஸ் பட்டியலும் ஒரே பெயரைச் சொல்வது முக்கியம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் பிடிஎஃப்பில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றும் திறக்கும்.

வெளியே போய் மறுபடி உள்நுழைந்து சோதித்தோம். பிடிஎஃப், மின்னஞ்சல், ஐகான் மூன்றிலும் ஃபயர்பாக்ஸ். ஆசிரியை கடவுச்சொல் லிங்க்கை மீண்டும் கேட்டு வாங்கி, மின்னஞ்சலில் இருந்தே அழுத்தினார். பக்கம் முழுதாகத் திறந்தது. கொம்புகள் எல்லாம் தம் இடத்தில் நின்றன. புதிய கடவுச்சொல் அமைந்தது.

ரேம் பற்றியும் அப்போதே ஒரு முடிவு எடுத்தோம். என்270 சிப்போடு வரும் 945ஜிஎஸ்இ சிப்செட் 2 ஜிபி வரை தாங்கும். ஜார்ஜ்டவுனில் கொம்தார் பக்கம் பழைய உதிரிபாகம் விற்கும் கடையில் 2 ஜிபி டிடிஆர்2 லேப்டாப் ரேம் ஒன்று கிடைத்தது. பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினோம்.

## பிறகு நடந்தது

ஒரு வாரம் கழித்து ஆசிரியையிடமிருந்து அழைப்பு. வகுப்பில் ஒரு சிறுமி, "டீச்சர், பழைய எழுத்து திரும்ப வந்துடுச்சு!" என்று கத்தியிருக்கிறாள். டில்லோவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பழைய எழுத்து'.

மேசைத்தளத்தில் 'பாடப் பக்கம்' என்று ஒரு ஐகான் இருந்தது. தங்கை மகன் எப்போதோ செய்து வைத்தது. ஆசிரியை அதைத் தொடுவதே இல்லை என்பதால் எங்கள் சோதனையில் அது வரவில்லை. அதன் உள்ளே இருந்த கட்டளை 'எக்ஸ்-டபிள்யூடபிள்யூடபிள்யூ-பிரவுசர்'. டெபியனில் இது உண்மையான நிரல் அல்ல. கணினி முழுவதற்கும் பொதுவான ஒரு பதிலிப் பெயர். அது எந்த பிரவுசரைக் குறிக்கும் என்பதை அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற வேறொரு ஏற்பாடு முடிவு செய்கிறது. பொதுவாக முன்னுரிமை எண் உயர்ந்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். யாராவது கையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு அதை மாற்றாது. இங்கே டில்லோ கையால் பூட்டப்பட்டிருந்தது. பயனர் தன் அமைப்பில் என்ன மாற்றினாலும் இது அசையாது, ஏனென்றால் இது ரூட் பயனரின், அதாவது கணினி நிர்வாகியின், கையில் இருப்பது.

ரூட் கடவுச்சொல் ஆசிரியையிடம் இல்லை. தங்கை மகனை வாட்ஸ்அப்பில் அழைத்தோம். "ரேம் பத்தாதேன்னுதான் பெரியம்மா டில்லோ போட்டேன். நீங்க இங்கிலீஷ் பக்கம் பாக்கத்தான் எடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். கடவுச்சொல்லைச் சொன்னார். ஃபயர்பாக்ஸுக்கு மாற்றினோம், ஐகானின் கட்டளையையும் எக்ஸ்டிஜி-ஓப்பன் ஆக்கினோம். கடவுச்சொல்லை ஆசிரியை தம் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அது அவருடைய கணினி. அதன் சாவி அவரிடம் இருப்பதுதான் சரி.

வேறொரு சிக்கல் பழக்கம் சார்ந்தது. டில்லோ உடனே திறந்து பழகிய பிள்ளைகளுக்கு ஃபயர்பாக்ஸ் எழுந்து வரும் நேரம் பொறுக்கவில்லை. லிங்க்கை அழுத்துவார்கள், ஒன்றும் வராது, மறுபடி அழுத்துவார்கள். கடைசியில் ஒரே பக்கம் நாலைந்து தாவலில் திறந்து, புதிய ரேமையும் தின்றுவிடும். ஒரு முறை செல்லும் லிங்க் என்றால் இரண்டாவது அழுத்தலிலேயே பழைய சிக்கல் வேறு வடிவில் வரும். ஆசிரியை இதற்குத் தாமே வழி கண்டுபிடித்தார்: வகுப்பு தொடங்கும் முன், பாய் விரிக்கும்போதே ஃபயர்பாக்ஸைத் திறந்து வைத்துவிடுகிறார். ஏற்கெனவே திறந்திருக்கும் பிரவுசரில் தாவல் சேர்வது விரைவாக நடக்கிறது. இரண்டு தாவலுக்கு மேல் வேண்டாம் என்பது வகுப்பு விதி. நான் யோசித்து வைத்திருந்த நுட்பமான அமைப்புகளைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

நவம்பர் முழுவதும் டில்லோ ஒரு முறையும் தானாகத் திறக்கவில்லை. அதன் பிறகே நீக்கினோம். தங்கை மகனே தொகுத்து நிறுவியது என்பதால், நிரல்களை நிறுவி நீக்கும் டெபியனின் தொகுப்பு மேலாளருக்கு அதைத் தெரியாது. பதிலிப் பெயர்ப் பட்டியலில் இருந்த அதன் பதிவைத் தனியே எடுத்த பிறகு நிரல் கோப்புகளை நீக்க வேண்டியிருந்தது.

## அடுத்த முறை மாறும் சில

பிரவுசரை மாற்றச் சொல்லி யாராவது இனிக் கணினியைக் கொண்டுவந்தால், அமைப்பைத் தொடும் முன் அவர் எங்கெங்கே லிங்க் அழுத்துவார் என்று கேட்பேன். அவரை மட்டுமல்ல, அந்தக் கணினியைத் தொடும் எல்லாரையும். 'பாடப் பக்கம்' ஐகான் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே அவர்களைக் கேட்டிருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சம்.

சோதிக்கும் வரிசையும் மாறும். மின்னஞ்சல் நிரலில்தான் முதலில் தொடங்க வேண்டும், ஏனென்றால் திரும்பப் பெற முடியாத லிங்க்குகள் வரும் இடம் அதுதான். வங்கி உறுதிப்படுத்தல், கடவுச்சொல் மீட்பு, கணக்குத் திறப்பு எல்லாம் அங்கேதான் வருகின்றன. சோதனைக்கு ஒரு முறை செல்லும் லிங்க்கை எடுக்கக் கூடாது; சாதாரணத் தளம் ஒன்றின் முகவரியை நமக்கு நாமே மின்னஞ்சலில் அனுப்பி அழுத்திப் பார்த்தால் போதும்.

நான்கு இடங்களின் பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதி நெட்புக்கின் அடியில் ஒட்டியிருக்கிறோம்: ஃபயர்பாக்ஸின் பொத்தான், மின்னஞ்சல் நிரலின் வரி, மேசைத்தள அமைப்பு, ரூட் கையில் இருக்கும் பதிலிப் பெயர். ஆல்ட் விசையோடு ஜன்னலை இழுப்பதும் அதில் உண்டு.

2026 செப்டம்பர் வரை இந்த ஏற்பாடு தாங்கும். அதன் பிறகு பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றால், பிள்ளைகளின் கணக்குகளை இந்த நெட்புக்கில் திறக்க விடக் கூடாது என்று ஆசிரியையும் சங்கச் செயலாளரும் இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். வலையிலிருந்து துண்டித்து, தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிக்கும் அச்செடுக்கும் வேலைக்கும் மட்டும் அது இருக்கும். டெலிமாவுக்கு 64-பிட் சிப் உள்ள பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தங்கை மகன் தம் அலுவலகத்தில் ஏலத்துக்கு வரும் கணினிகளைப் பார்த்துச் சொல்வதாக ஏற்றிருக்கிறார். இந்த முறை என்ன நிறுவுவது என்பதைப் பெரியம்மாவிடம் கேட்ட பிறகே செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்.